கை குவில்ட்டில் முடிச்சு போடுவதும் அதைப் பஞ்சுக்குள் மறைப்பதும்

ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாலும், சேலைக்கு ஃபால்ஸ் தைத்தாலும், முடிச்சு துணியின் உள்பக்கம் போய்விடும். யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. குவில்ட்டுக்கு அப்படி ஓர் உள்பக்கம் கிடையாது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சு விரிப்பு என மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும் இந்த வேலையில், போர்த்திக்கொள்பவரின் கண்ணுக்கும் கைக்கும் இரண்டு பக்கமும் படும். ஆகவே முடிச்சு போய் ஒளிந்துகொள்ள மிச்சமிருக்கும் ஒரே இடம் நடுவிலுள்ள பஞ்சுதான்.

என் அக்காவின் பேத்திக்காக நான் தைத்த முதல் குவில்ட்டில் இது எனக்கு உறைக்கவில்லை. ரவிக்கைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, எல்லாவற்றையும் அடித்துணிப் பக்கம் ஒதுக்கிவிட்டு, நேர்த்தியாக முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை தவழத் தொடங்கியதும் அதன் கொலுசு அந்த முடிச்சுகளில் ஒவ்வொன்றாக மாட்டியது. ஒரு முடிச்சு அறுந்ததும் அந்த வரிசைத் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடி தைத்தபோது முடிச்சுகளைப் பஞ்சுக்குள் தள்ளக் கற்றுக்கொண்டேன். ஆனால் அப்போதும், முடிச்சு பெரிதாக இருந்தால்தான் உறுதியாக இருக்கும் என்று நம்பி, மிளகு அளவுக்கு முடிச்சு போட்டு, அதை உள்ளே திணிக்கப் பார்த்து இரண்டு இடத்தில் துணியைக் கிழித்தேன்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் நூல் உருவாமல் நிற்பதற்குக் காரணம், முடிச்சு பஞ்சின் இழைகளில் சிக்கிக்கொள்வதும், அதையடுத்து ஊசியை ஒரு தையல் அளவு பின்னால் நுழைத்து நாம் போடும் ஒரு பின்தையலும்தான். துணியின் இழைகளுக்கு இடையே ஒருமுறை புகுந்து போகும் அளவுக்குச் சிறியதாகவும், போன வழியே திரும்பி வராத அளவுக்குப் பெரியதாகவும் இருந்தால் முடிச்சுக்கு அது போதும். அந்த அளவு ஊசி, நூல், துணி, பஞ்சு ஆகிய நான்கையும் பொறுத்து மாறும் என்பதால், முடிச்சுக்குப் போவதற்கு முன் இவற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

ஊசியும் நூலும்

கை குவில்ட்டுக்கென உள்ள ஊசிக்கு 'பிட்வீன்ஸ்' என்று பெயர். சாதாரணத் தையல் ஊசியைவிடக் குட்டையாக, மெல்லியதாக, ஊசிக்காது சிறியதாக இருக்கும். எண் ஏற ஏற ஊசி சிறுத்துக்கொண்டே போகும். 8 அல்லது 9ஆம் எண்ணில் தொடங்கிக் கை பழகிய பிறகு 10க்கு மாறுவது நல்லது. 12ஆம் எண் ஊசியை முதல் நாளே வாங்கிவிட்டுக் காதில் நூல் கோர்க்க முடியாமல் தையலையே கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சௌகார்பேட்டையிலும் பாரிமுனையிலும் தையல் சாமான் விற்கும் கடைகளில் 'குவில்ட் ஊசி' என்று கேட்டால் சிலருக்குப் புரியாது. உறையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் நாமே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சென்னையின் ஈரக்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். தைத்துக்கொண்டிருக்கும் துணியிலேயே ஊசியைக் குத்தி வைத்துவிட்டு இரவு தூங்கப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இப்படி விட்டுவைத்த ஊசி துணியில் ஏற்படுத்தும் பழுப்புக் கறை எளிதில் போகாது. மருந்துப் புட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு ஊசிகளை ஒரு தகர டப்பாவில் மூடி வைத்தால் போதும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கை குவில்ட்டுக்கென மெருகேற்றிய பருத்தி நூல் தனியாகக் கிடைக்கிறது. அது சற்று விறைப்பாக இருப்பதால் சிக்கு விழாது, முடிச்சும் உருண்டையாக இறுகும். சாதாரணப் பாலியெஸ்டர் தையல் நூல் வழுக்கும். போட்ட முடிச்சு தானாகத் தளர்ந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு. கையில் சாதாரணப் பருத்தி நூல்தான் இருக்கிறது என்றால், நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, நூலை அதன் மேல் இரண்டு முறை இழுத்து, இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து ஒருமுறை இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். மெழுகு இழைக்குள் இறங்கிவிடும்; மிச்சம் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். மெழுகுவத்தியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது செதில் செதிலாக உதிர்ந்து துணியில் படியும்.

நூலின் நீளம் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஒரு முழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி முடிச்சு போடச் சோம்பல்பட்டு இரண்டு கைகளையும் விரித்த அளவுக்கு, அதாவது ஒரு பாகம் நீளத்துக்கு நூல் கோர்த்தால், ஒவ்வொரு தையலுக்கும் மூன்று அடுக்குத் துணியில் உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும். நடுவில் அறுந்தால் அதைச் சரிசெய்வது புதிதாக நான்கு முடிச்சு போடுவதைவிடப் பெரிய வேலை. இன்னொன்று: ரீலிலிருந்து முதலில் வெளிவந்த நுனியை ஊசிக்காதில் கோர்த்து, ரீலை ஒட்டி வெட்டிய நுனியில் முடிச்சு போடுங்கள். நூலின் முறுக்கு தைக்கும் திசையோடு ஒத்துப்போவதால் சிக்கு குறையும். எப்போதும் ஒற்றை நூல்தான். பட்டனுக்குப் போடுவதுபோல் இரட்டை நூல் போட்டால் முடிச்சு துணிக்குள் போகவே போகாது.

துணியும் பஞ்சும்

ஊசிக்கும் நூலுக்கும் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார். துணியைக் கையால்தான் பார்க்க வேண்டும். கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பருத்தித் துணிகளில் கேம்ப்ரிக், பாப்ளின் போன்ற நடுத்தர நெசவே முடிச்சு மறைக்கப் பழகுவதற்கு ஏற்றது. ரவிக்கைக்கு எடுக்கும் இரண்டுக்கு இரண்டு துணி நெருக்கமான நெசவு என்பதால் முடிச்சு முரண்டு பிடிக்கும். கட்டில் விரிப்புத் துணியை அடித்துணியாகப் போட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கும் இதுவே காரணம். கைத்தறி மல் துணியில் இதற்கு நேர்மாறான சிக்கல்: முடிச்சு சுலபமாக உள்ளே போகும், அதே சுலபத்தோடு வெளியேயும் வரும். மெட்ராஸ் செக் துணியின் சாயம் சில வேளை இறங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே பல வீடுகளில் அவை படுக்கை விரிப்பாகவும் குவில்ட்டின் மேல்துணியாகவும் ஆயின. நம் ஊர்ப் பருத்திக்கு இந்த வேலை ஒன்றும் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

நடுவில் வைக்கும் பஞ்சு, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த விரிப்பாக இருக்க வேண்டும். கடைகளில் இதை 'பேட்டிங்' அல்லது 'வேடிங்' என்பார்கள். பருத்தி விரிப்பு முடிச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உப்பலான பாலியெஸ்டர் விரிப்பு சற்று வழுக்கும். வீட்டில் பழைய தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சு இருக்கிறதே, அதை நிரப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். இலவம்பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது. முடிச்சு அதற்குள் நிற்க ஒரு பிடிமானமும் இருக்காது, பஞ்சும் இரண்டு துவைப்பில் ஒரு மூலையில் திரண்டுவிடும். அதற்குப் பதில், நன்றாகத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி இரண்டை அடுக்காக வைத்துத் தைப்பது எவ்வளவோ மேல். வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் பழந்துணிகளை அடுக்கித் தைத்தவைதான். சென்னை வெயிலுக்கும் அந்தக் கனம் போதும்.

தொடக்க முடிச்சு

நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த முடிச்சு எல்லோருக்கும் தெரியும்: நூல் நுனியை எச்சில் தொட்டு ஆள்காட்டி விரலில் ஒருமுறை சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி, இழுத்து இறுக்குவது. பட்டனுக்கும் கொக்கிக்கும் அது அருமையான முடிச்சு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில் வரும். சில வேளை சிண்டு பிடித்ததுபோல் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். குவில்ட்டுக்கு எப்போதும் ஒரே அளவில் வரும் முடிச்சு தேவை. அதற்கு ஊசியின் மேலேயே நூலைச் சுற்றும் முறைதான் சரி.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்காக எழுதுகிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். நூல் கோர்த்த ஊசியை, முனை மேலே பார்க்கும்படி வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். நூலின் மறு நுனியை இடக்கையால் எடுத்து வந்து, நுனி ஊசிக்காதை நோக்கி இருக்குமாறு ஊசியோடு ஒட்டிவைத்து, வலக்கை விரல்களாலேயே அதையும் சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது நூல் ஒரு பெரிய வளையமாகத் தொங்கும். அழுத்திய இடத்துக்குச் சற்று மேலே, இடக்கையால் நூலை ஊசியின் மேல் மூன்று முறை சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் அடுத்தடுத்து நெருங்கி இருக்கட்டும். பிறகு அந்தச் சுற்றுகளைக் கீழே நகர்த்தி வலக்கை விரல்களின் பிடிக்குள் கொண்டுவாருங்கள். பிடியை விடாமல், இடக்கையால் ஊசியின் முனையைப் பிடித்து மேல்நோக்கி உருவுங்கள். சுற்றுகள் ஊசிக்காதைத் தாண்டி, நூல் முழுவதும் வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் நுனிக்கு அருகே ஒரு சிறு மணியாக இறுகிவிடும்.

பெரும்பாலோர் தவறுவது கடைசி நொடியில்தான். நூல் முழுவதும் வந்துவிட்டது என்று நினைத்து விரலைத் தளர்த்திவிடுகிறார்கள். சுற்றுகள் கலைந்து நூலின் நடுவில் ஒரு சிக்கு விழுகிறது. மணி விரலில் தட்டுப்படும் வரை பிடி தளரக் கூடாது. முடிச்சுக்கு அப்பால் நிற்கும் வாலை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். முடிச்சை ஒட்ட வெட்டினால் அது அவிழும். நீளமாக விட்டால் துளைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

மூன்று சுற்று என்பது நடுத்தரத் துணிக்கான கணக்கு. நெருக்கமான நெசவுக்கு இரண்டு போதும், மல் துணிக்கு நான்கு வேண்டியிருக்கலாம். மீந்த துண்டுத் துணியில் பஞ்சு வைத்து ஒரு சாண் அளவில் மாதிரி ஒன்று தைத்து, இரண்டு சுற்று, மூன்று சுற்று, நான்கு சுற்று என மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாதிரிக்குச் செலவிடும் அரை மணி நேரம் வீணே போகாது.

முடிச்சை உள்ளே அனுப்புதல்

தையல் எங்கிருந்து தொடங்க வேண்டுமோ அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, மேல்துணியில் ஊசியைச் சாய்வாக நுழையுங்கள். எந்தப் பக்கம் தள்ளி என்றால், தையல் போகப்போகும் கோட்டின் மேலேயே, முன்பக்கமாக. அப்படிச் செய்தால் பிறகு போடும் தையல்கள் உள்ளே ஒளிந்திருக்கும் நூலின் மேலேயே விழுந்து அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஊசி மேல்துணியையும் பஞ்சையும் மட்டுமே தொட வேண்டும். அடித்துணியில் படவே கூடாது. இடக்கையைக் குவில்ட்டுக்கு அடியில் வைத்திருந்தால் ஊசி கீழே இறங்குவது விரலுக்குத் தெரிந்துவிடும். பஞ்சுக்குள்ளேயே ஊசியை ஓட்டி, தொடக்கப் புள்ளியில் முனையை வெளியே எடுத்து, முடிச்சு மேல்துணியில் வந்து முட்டும் வரை நூலை இழுங்கள்.

இனி வருவது கையில் பழக வேண்டியது. முடிச்சு முட்டி நிற்கும் இடத்துக்கு அருகே, மேல்துணியை இடக்கைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். வலக்கையால் நூலைத் துணியோடு தாழ்வாகப் பிடித்து, சிறியதாக ஒரு சுண்டு சுண்டுங்கள். 'பட்' என்று மெல்லிய ஓசையோடு முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்விடும். விசிறி ஓடாத அறையில் அந்த ஓசை நன்றாகவே கேட்கும்.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் பெண் என்னிடம் கற்க வந்த முதல் நாள், நூலைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் வாளி இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தாள். "துணியே கிழிஞ்சிடும்போல இருக்கு அக்கா" என்றாள். "இழுக்காதேம்மா, சுண்டு" என்றேன். இரண்டு முறை முயன்றும் வரவில்லை, மூன்றாம் முறை முடிச்சு உள்ளே போனதும், போனது தெரியாமல், "அறுந்துபோச்சு அக்கா!" என்று பதறினாள். நூல் அறுந்த ஓசையும் முடிச்சு உள்ளே போன ஓசையும் முதலில் ஒன்றுபோல்தான் இருக்கும். நூலை மெதுவாக இழுத்துப் பார்த்தால், பஞ்சுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் ஒரு தடை தெரியும். அதுதான் அடையாளம்.

அந்தத் தடை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் முடிச்சு பஞ்சையெல்லாம் கடந்து, தொடக்கப் புள்ளியின் துளை வழியாக வெளியே வந்துவிடும். இதைத் தடுக்க, சுண்டும்போது தொடக்கப் புள்ளியின் மேல் இடக்கை நடுவிரல் நகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. நுழைந்த இடத்தில் சிறு துளை தெரிந்தால் நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்ல வருடுங்கள். இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும்.

பிறகு உடனே ஒரு பின்தையல். தொடக்கப் புள்ளிக்கு ஒரு தையல் அளவு பின்னால் ஊசியை மூன்று அடுக்கிலும் நுழைத்து, அதே புள்ளிக்கு அருகே வெளியே எடுத்து, அதன் பின்னரே ஓட்டுத்தையலைத் தொடருங்கள். இந்த ஒரு பின்தையலைப் போடாமல் விடுபவர்களே பிறகு முடிச்சின் மேல் பழி போடுகிறார்கள்.

முடிச்சு அடம்பிடித்தால்

இரண்டு சுண்டுக்கும் உள்ளே போகவில்லை என்றால் மூன்றாவது சுண்டுக்கு முன் காரணத்தைத் தேடுங்கள். மேல்துணியைப் பல துண்டுகளை (ஒட்டுத்துணிகளை) இணைத்துச் செய்திருந்தால், முடிச்சுக்கு நேர் அடியில் அந்த இணைப்புத் தையலின் மடிப்பு இருக்கலாம். ஒட்டுத்துணி வேலையில் இணைப்புக் கோட்டின் ஒரு பக்கத்தில் துணி இரண்டு மூன்று அடுக்காக மடிந்திருக்கும். முடிச்சு அங்கே போகாது. ஊசியை வெளியே எடுத்து, மடிப்பு இல்லாத பக்கத்தில் நுழையுங்கள். மடிப்பு இல்லை, நெசவுதான் நெருக்கம் என்றால், முடிச்சு முட்டும் இடத்தில் வேறோர் ஊசியின் முனையால் இழைகளை மெதுவாக விலக்கிவிட்டுச் சுண்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் முடிச்சு பெரிதாகிவிட்டது. வெட்டிவிட்டு ஒரு சுற்றைக் குறைத்து மறுபடி போடுவதுதான் வழி.

உள்ளே போன முடிச்சு மறுபடி மறுபடி வெளியே வந்தால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். பாலியெஸ்டர் விரிப்பாக இருந்தால் நுழையும் இடத்தைத் தொடக்கப் புள்ளியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை தள்ளி வைத்துக்கொள்ளலாம். முடிச்சுக்குப் பஞ்சில் மாட்டிக்கொள்ள அதிகத் தூரம் கிடைக்கும்.

பழைய பட்டுச்சேலையின் துண்டுகளைக் கோர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டில் முடிச்சு போன துளை அப்படியே நின்றுவிடும், நகத்தால் வருடினாலும் மூடாது. ஆகவே பட்டில் எப்போதும் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்புக் கோட்டுக்குள் ஊசியை நுழையுங்கள். துளை அந்தக் கோட்டிலேயே மறைந்துவிடும். மெல்லிய பட்டில் முடிச்சே போடாமல், ஒரே இடத்தில் இரண்டு சிறு பின்தையல் போட்டு, மிச்ச நூலைப் பஞ்சுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டிவிடுவதை நான் விரும்புகிறேன்.

முடிவு முடிச்சு

நூல் 15 சென்டிமீட்டருக்குக் குறைவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். இன்னும் நான்கு தையல் போடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் கையில் நூல் இல்லாமல் முடிச்சு போட முடியாது.

நூல் மேல்துணிக்கு வெளியே வந்து நிற்கும் நிலையில் தொடங்குங்கள். ஊசியைத் துணியின் மேல் படுத்தவாக்கில் வைத்து, துணியிலிருந்து புறப்படும் நூலை அதன் மேல் இரண்டு முறை சுற்றி, சுற்றுகளைக் கட்டைவிரலால் துணியோடு அழுத்திக்கொண்டு ஊசியை உருவுங்கள். தொடக்க முடிச்சின் அதே வேலைதான். ஆனால் இந்த முடிச்சு நூலில் எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசித் தையலின் நீளத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அதிகமான தூரத்தில் அது விழ வேண்டும். உங்கள் தையல் நான்கு மில்லிமீட்டர் என்றால், துணியிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டரில் முடிச்சு. துணியை ஒட்டியே விழுந்துவிட்டால், கடைசித் தையலைப் போடும்போது முடிச்சு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே போகாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தால், முடிச்சு பஞ்சுக்குள் நெடுந்தூரம் போன பிறகும் கடைசித் தையல் தொளதொளவென்று நிற்கும். முடிச்சு இறுகுவதற்கு முன் ஊசி முனையை அந்த வளையத்துக்குள் விட்டு, துணியை நோக்கித் தள்ளியோ விலக்கியோ இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

முடிச்சு சரியான இடத்தில் விழுந்ததும், கடைசித் தையல் எங்கே முடிய வேண்டுமோ அங்கே ஊசியை நுழைத்து, இம்முறை மேல்துணியையும் பஞ்சையும் மட்டும் தொட்டு, வந்த வழியே தையல் கோட்டுக்கு அடியில் இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டி வெளியே எடுங்கள். கட்டைவிரலால் துணியைப் பிடித்துக்கொண்டு சுண்டினால் முடிச்சு உள்ளே போய், கடைசித் தையல் படிந்து உட்காரும். மீதி நூலைச் சற்றே விறைப்பாகப் பிடித்து, கத்தரியைத் துணியின் மேல் படுக்க வைத்து, துணியை ஒட்டி வெட்டுங்கள். விறைப்பாக இருந்த நூல் வெட்டியதும் பின்வாங்கிப் பஞ்சுக்குள் போய்விடும். அவசரத்தில் நூலோடு மேல்துணியையும் சேர்த்து வெட்டிவிடுவது இந்த வேலையில் எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு. முனை மழுங்கிய சிறு கத்தரி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் அந்த ஒருமுறையும் தப்பலாம்.

நூல் குறைந்துபோனாலும், நடுவில் அறுந்தாலும்

நூல் விரல்கடை அளவே மிஞ்சியிருக்கிறது, ஊசியில் சுற்ற இடமில்லை என்றால், முதலில் வெற்று ஊசியைத் துணிக்குள் நுழைத்து, ஊசிக்காது மட்டும் நூலுக்குப் பக்கத்தில் வெளியே நிற்கும்படி வையுங்கள். அந்த நிலையிலேயே நூலைக் காதில் கோர்த்து, ஊசியை மறுபக்கம் உருவுங்கள். காதின் உச்சியில் சிறு பிளவு உள்ள ஊசியும் விற்கிறார்கள்; நூலை மேலிருந்து அழுத்தினாலே உள்ளே போய்விடும். கண்ணாடி போட்டுத் தைப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. முடிச்சில்லாமல் புதைத்த நூலுக்குப் பிடிமானம் வேண்டும் என்பதால், அடுத்த நூலைத் தொடங்கும்போது பழைய வரிசையின் கடைசி இரண்டு தையல்களின் மேலேயே திரும்பத் தைத்துவிடுங்கள். வரிசையின் நடுவில் நூல் அறுந்துவிட்டால், இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் நூல் கிடைக்கும் வரை தையலைப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் முடிவு முடிச்சு போட்டு மறைத்து, இடைவெளியைப் புதிய நூலால் நிரப்புவதே நிரந்தரமான வழி.

ஒரு பூவைத் தைத்து முடித்ததும் பக்கத்துப் பூவுக்குப் போக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் முடிச்சு போட வேண்டியதில்லை. தூரம் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஊசியைப் பஞ்சுக்குள்ளேயே ஓட்டிக் கொண்டுபோகலாம். ஊசியின் நீளம் போதாவிட்டால், முனையை மட்டும் வெளியே எடுத்து, காது உள்ளேயே இருக்கும்படி ஊசியைத் திருப்பி, காதுப் பக்கம் முன்னால் போகும்படி தள்ளலாம். அதைவிடத் தூரம் என்றால் முடிச்சு போட்டு முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கும்போது இந்தக் குறுக்குவழியே வேண்டாம். உள்ளே ஓடும் நூல் வெளியே நிழலாகத் தெரியும். முடிச்சின் வாலும் அவ்வாறே தெரியும் என்பதால், நிறம் அடர்ந்த நூல் என்றால் முடிச்சை அடர்ந்த நிறத் துண்டுக்கு அடியில் கொண்டுபோய் மறையுங்கள்.

மறைக்காமல் கட்டிவிடும் முடிச்சு

வரிசை வரிசையாகத் தைக்கப் பொறுமையில்லாதவர்கள், தடித்த எம்பிராய்டரி நூலால் ஒவ்வொரு சாண் இடைவெளிக்கும் குறைவாக மூன்று அடுக்கையும் ஒரு தையலில் பிடித்து, மேலேயே முடிச்சு கட்டிக் குஞ்சம்போல் விட்டுவிடுவதும் உண்டு. விரிப்பின் உறையில் எவ்வளவு இடைவெளிக்குள் தைக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கணக்கை மீற வேண்டாம். இந்த வேலையில் முடிச்சு வெளியே நின்று, தானே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால், முதல் சுற்றில் வலது நூலை இடது நூலின் மேலும், இரண்டாம் சுற்றில் இடது நூலை வலது நூலின் மேலும் போட்டுக் கட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே திசையில் கட்டிய முடிச்சு துவைக்கத் துவைக்க நழுவும். கைக்குழந்தைகளுக்குத் தைக்கும் குவில்ட்டில் மட்டும் இந்தக் குஞ்சங்கள் வேண்டாம். பிள்ளை அவற்றை வாயில் வைத்துச் சப்பும், இழுக்கும்.

வேலை முழுவதும் முடிந்ததும், துவைப்பதற்கு முன் குவில்ட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உள்ளே போகாமல் நின்ற முடிச்சு கண்ணுக்குத் தப்பினாலும் உள்ளங்கைக்குத் தப்பாது. எங்காவது நூலின் வால் எட்டிப் பார்த்தால் அதை இழுத்து வெட்டாதீர்கள், இழுத்தால் முடிச்சும் கூடவே வரும். ஊசியின் காதுப் பக்கத்தால் வாலை மெதுவாகத் துளைக்குள் தள்ளி, மேலே நகத்தால் வருடிவிடுங்கள்.